நன்றாகத் தெரியும் கண்ணுக்கு எதற்கு லேசர்?

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 29. வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். கணவர் தாய்மாமன் மகன், ஓசூரில் கம்பெனி வேலை. ஆறு வயதில் ஒரு மகள்.

சின்ன வயதிலிருந்தே இவருக்கு அடிக்கடி கண் மஞ்சளாகுமாம். கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள், கொஞ்ச நாளில் சரியாகும். மார்கழிக் குளிரில் கை கால் எலும்பெல்லாம் குடையும். "போர் தண்ணியில ப்ளோரைடு இருக்கு, அதான்" என்று ஊரில் சொன்னதை வீட்டிலும் நம்பினார்கள். பிரசவத்தின்போது ரத்தம் குறைந்து ஏற்ற வேண்டி வந்தது. போன வருடம் ஊருக்கு வந்த ரத்தப் பரிசோதனை முகாமில்தான் இவருக்கு இருப்பது சிக்கிள்-பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய் என்று தெரிந்தது. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையும் போலிக் ஆசிட் மாத்திரையும் கொடுத்தார்கள். பெரிதாக வலி இல்லை என்பதால் மூன்று மாதத்தில் இரண்டையும் நிறுத்திவிட்டார்.

ஆடி மாதம் ஒரு நாள். "ஊசியில் நூல் கோக்கும்போது, கையில் இல்லாத இன்னொரு நூல் குறுக்கே ஓடியது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை" என்று எழுதுகிறார். இரண்டு நாளில் இடது கண் முன்னால் செம்புகை. இப்போது அந்தக் கண்ணில் கை அசைவது மட்டும்தான் தெரிகிறது. மாமியார் நந்தியாவட்டைப் பூ ஒற்றினார், மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து வாங்கினார்கள். மூன்று வாரம் கழித்து சேலத்தில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனபோது, இடது கண்ணுக்குள் ரத்தக் கசிவு என்றும், வலது கண்ணிலும் விழித்திரை ஓரத்தில் புது ரத்தக் குழாய்கள் முளைத்திருப்பதால் உடனே லேசர் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

வலது கண்ணில் கடைசி வரி வரை படிக்கிறார். வீட்டில் சண்டை. "இருக்கிற ஒரு கண்ணையும் சுட்டுக்கிட்டு வராதே" என்கிறார் மாமியார். தையல் வேலையால்தான் கண் போனதா, லேசருக்குச் சம்மதிக்கலாமா, இடது கண் திரும்புமா, இரண்டாவது குழந்தை பெறலாமா, ஊனமுற்றோர் சான்று கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். கூடவே, "நாங்கள் மலைவாழ் மக்கள் இல்லையே, எங்களுக்கு எப்படி இது வந்தது?" என்ற கேள்வியும்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் லேசர் விஷயம், ஏனென்றால் மற்றதெல்லாம் கொஞ்சம் காத்திருக்கலாம். வலது கண்ணுக்கு லேசர் போட்டுக்கொள்ளுங்கள். தள்ளிப்போடாதீர்கள். நன்றாகத் தெரிகிற கண் என்பதால்தான் இந்த அவசரமே. ரத்தம் கசிந்த பிறகு இடது கண்ணுக்குச் செய்ய வேண்டியவை அதிகம், பலன் நிச்சயமில்லை. கசிவதற்கு முன்னால் வலது கண்ணுக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், பலனும் கூடுதல்.

தையல் மேல் பழி போடாதீர்கள். மிஷினோ, செல்போனோ, ராத்திரி வெளிச்சம் குறைவாக இருந்ததோ இதற்குக் காரணம் இல்லை. உங்கள் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின் எஸ் என்ற மாறிய புரதம், ஆக்சிஜன் குறையும் இடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு விறைக்கிறது. உருண்டையாக வழுக்கிப் போக வேண்டிய அணு அரிவாள் போல வளைந்து, நுண்ணிய குழாய்களில் மாட்டிக்கொள்கிறது. எலும்பில் மாட்டினால் நீங்கள் சொல்லும் மார்கழி வலி. அந்த அணுக்கள் சீக்கிரம் உடைந்து போவதால் வருவதுதான் கண் மஞ்சள். அது கல்லீரல் காமாலை இல்லை, கீழாநெல்லியால் சரியானதும் இல்லை, தானாகவே ஏறி இறங்கியது. ப்ளோரைடு நம் மாவட்டத்தில் நிஜமான பிரச்சினைதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. அதனால்தான் இங்கே மூட்டு வலி, எலும்பு வலி என்று வருகிற பிள்ளைகளை எல்லோரும் தண்ணீர்க் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

கண்ணில் என்ன ஆகிறது? விழித்திரையின் நடுப்பகுதிக்கு ரத்தம் தாராளமாகப் போகிறது. ஓரப்பகுதி கடைமடை. வாய்க்கால் அடைத்தால் முதலில் காய்வது அதுதான். அப்படிக் காய்ந்த விழித்திரை, ரத்தம் கேட்டு ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது. அதைக் கேட்டு புதுக் குழாய்கள் விசிறியாக முளைக்கின்றன. ஆனால் அவை நல்ல குழாய்கள் இல்லை. சுவர் மெல்லியது. கண்ணுக்குள் இருக்கும் கூழ் கொஞ்சம் இழுத்தாலே கசியும். அந்தக் கசிவுதான் நீங்கள் பார்த்த நூல். இது எதுவுமே வலிக்காது. ஓரத்தில் நடப்பதால் பார்வையும் குறையாது. கடைசி வரி படிக்கிற கண்ணில் இவ்வளவு நடந்துகொண்டிருக்க முடியும் என்பதை உங்கள் மாமியார் நம்பாததில் ஆச்சரியமே இல்லை. கண்மணியை விரித்து, ஓரம் வரை பார்த்தால்தான் டாக்டருக்கே தெரியும்.

"எனக்கு லேசான வகைதானே" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய எச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் எஸ் 65 சதவீதம், சாதாரண ஏ வகை 20 சதவீதம், ஏ2 வகை ஐந்து சதவீதத்துக்கு மேல். ரத்த அளவு, அதாவது மொத்த ஹீமோகுளோபின், 10.2. உடம்பைப் பொறுத்தவரை இது லேசான வகை என்பது சரி. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் எஸ் வாங்கியவர்களைவிட உங்களுக்கு வலி குறைவு, ஆஸ்பத்திரிப் படுக்கை குறைவு. ஆனால் கண் கணக்கு வேறு. எஸ் கூட சி என்ற இன்னொரு மாறிய ஹீமோகுளோபினோ தலசீமியாவோ சேர்ந்த கலப்பு வகைகளில்தான் இந்தப் புதுக் குழாய்த் தொல்லை அதிகம் வருகிறது. இவர்களுக்கு ரத்த அளவு ஓரளவு நன்றாக இருப்பதே கண்ணுக்குக் கெடுதல் என்று கருதுகிறார்கள். அணுக்கள் அதிகம், ரத்தம் கெட்டி, நுண்குழாயில் ஓட்டம் மெதுவாகிறது. இருபதுகளிலும் முப்பதுகளிலும்தான் இது பெரும்பாலும் தலைகாட்டும். உடம்பு நன்றாக இருக்கிறது, அதனால் கண்ணும் நன்றாக இருக்கும் என்று இந்த நோயில் யாரும் நினைத்துவிடக் கூடாது. முகாமில் ரிப்போர்ட் கொடுத்த அன்றே "கண்ணையும் காட்டுங்கள்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

லேசர் என்றால் என்ன செய்வார்கள்?

"சுடுவது" என்ற சொல்தான் வீட்டில் பயத்தைக் கிளப்பியிருக்கிறது. மரத்துப் போக சொட்டு மருந்து விட்டு, மோவாயை ஒரு தாங்கியில் வைத்து உட்காரச் சொல்வார்கள். கண்ணில் ஒரு லென்ஸ் வைத்து, பளிச் பளிச்சென்று வெளிச்சப் புள்ளிகள். அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். சிலருக்கு லேசாகக் குத்தும், அன்று தலை கனக்கும். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். சில நேரம் இரண்டு தவணையாகச் செய்வார்கள்.

புள்ளிகள் விழுவது ஏற்கெனவே ரத்தம் போகாமல் காய்ந்துவிட்ட ஓரப்பகுதியில். நூல் கோக்க, படிக்க, முகம் பார்க்க உதவும் நடுப்பகுதியைத் தொடமாட்டார்கள். காய்ந்த பகுதி ரசாயனம் சுரப்பதை நிறுத்தினால் புதுக் குழாய்கள் சுருங்கும். பக்கப் பார்வையும் இருட்டில் பார்க்கும் திறனும் ஒரு துளி குறையலாம். அந்த நஷ்டம் இருக்கிறது. விழித்திரையில் ஓட்டை விழும் அபாயமும் உண்டு. பழைய காலத்தில் குழாயையே குறிவைத்துக் கடுமையாகச் சுட்டபோது அது அதிகம் நடந்தது. இப்போது சுற்றிலும் மெதுவாகப் பரப்பிப் போடும் முறையில் அது குறைவு. ஜமைக்காவில் இந்த நோயாளிகள் நிறைய. அங்கே லேசர் போட்ட கண்களையும் போடாத கண்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், போட்ட கண்களில் ரத்தக் கசிவு குறைவாக இருந்தது.

நியாயமாக எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். இந்தக் குழாய்கள் சிலருக்குத் தானாகவே காய்ந்து உதிர்ந்துவிடும். அதனால் சின்னதாக, தட்டையாக இருந்தால், இரண்டு கண்ணும் நன்றாக இருந்தால், நானே கூட "ஆறு மாதம் பார்க்கலாம்" என்று சொல்வதுண்டு. உங்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு கண் ஏற்கெனவே கசிந்துவிட்டது. நீங்கள் வாசலில் கோலம் போடுவதும் மகளுக்குச் சடை பின்னுவதும் இப்போது வலது கண்ணை நம்பித்தான். அதை வைத்துப் பந்தயம் கட்டக் கூடாது.

லேசருக்கு முன் கையில் ஒரு மஞ்சள் சாய ஊசி போட்டு விழித்திரையைப் படம் எடுப்பார்கள். சிறுநீர் ஒரு நாள் மஞ்சளாகப் போகும், காமாலை திரும்பிவிட்டது என்று பயப்பட வேண்டாம். மாமியாரையும் கூட அழைத்துப் போய், அந்தப் படத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். காய்ந்த பகுதி கருப்பாகவும், புதுக் குழாய் வெள்ளையாகக் கசிந்துகொண்டும் தெரியும். என் பேச்சைவிட அந்தப் படம் நன்றாகப் பேசும்.

இடது கண்

ஸ்கேனில் விழித்திரை விலகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல செய்தி. அப்படியானால் கசிந்த ரத்தம் தானாகக் கரைகிறதா என்று சில மாதம் பார்க்கலாம். பலருக்கு நன்றாகவே கரைகிறது. படுக்கும்போது இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திக்கொண்டால் ரத்தம் கீழே தங்கும், நடுப் பார்வை கொஞ்சம் தெளியும். ஆனால் நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விழித்திரை விலகுவதாகத் தெரிந்தால் காத்திருப்பு அத்தோடு முடிந்தது.

கரையவில்லை என்றால் கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துச் சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சை. உங்கள் நோயில் இதை எங்கே செய்கிறீர்கள் என்பது முக்கியம். அறுவை அறையில் குளிர், தண்ணீர் குடிக்காத வயிறு, ஆக்சிஜன் குறைவு மூன்றும் அணுக்களை வளைத்துவிடும். அதனால் ரத்தநோய் மருத்துவர் முன்கூட்டியே பார்த்து, ரத்தம் ஏற்ற வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். கண் டாக்டரும் அவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிற பெரிய ஆஸ்பத்திரியாக இருக்கட்டும். வேலூர், சென்னை என்று அலைந்தாலும் பரவாயில்லை.

நந்தியாவட்டை, சொட்டு மருந்து இரண்டும் விழித்திரை வரை போய்ச் சேராது. அவை தின்றது மூன்று வாரத்தை. இனி கண்ணில் எதையும் பிழிய வேண்டாம்.

நிறுத்திய மாத்திரை

ஹைட்ராக்ஸியூரியா வலி மாத்திரை இல்லை. வலி இல்லாதபோதும் சாப்பிட வேண்டியது. உடம்பில் கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டி, அணுக்கள் வளைவதைக் குறைக்கிறது. ரத்த எண்ணிக்கை பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், ஆகவே பழைய அட்டையை எடுத்து நீங்களாகத் தொடங்காதீர்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டித் தொடங்குங்கள். ஆனால் மாத்திரை சாப்பிடுகிறோம், கண் பார்க்க வேண்டாம் என்று இருக்கக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை கண்மணி விரித்துப் பார்ப்பது ஆயுசுக்கும் உண்டு. உங்களுக்கு இப்போதைக்கு அதைவிட அடிக்கடி.

இன்னொன்று. ரத்தம் குறைவு என்றதும் இரும்புச் சத்து டானிக் வாங்கிக் கொடுப்பது நம் பக்கத்துப் பழக்கம். உங்கள் ரத்தம் குறைவது இரும்பு இல்லாமல் அல்ல, அணுக்கள் உடைவதால். உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் பெரிட்டின் பரிசோதனை செய்து, இரும்பு குறைவாக இருந்தால் மட்டும் சாப்பிடுங்கள்.

மகளும் அடுத்த குழந்தையும்

முதலில் "மலைவாழ் மக்கள் இல்லையே" என்ற கேள்வி. இந்தியாவில் சிக்கிள் அணு முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். பழங்குடி மக்களிடம் இது அதிகம் என்பதும் உண்மை. அதற்காக மற்றவர்களுக்கு வராது என்று எந்த விதியும் இல்லை. மலேரியா ஆட்டம் போட்ட ஊர்கள் பலவற்றில் இந்த மரபணு தங்கியிருக்கிறது. தலசீமியாவோ எல்லாச் சாதியிலும் உண்டு. இதில் குலத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் அப்பா அம்மாவில் ஒருவர் எஸ் மரபணுவைத் தந்திருக்கிறார், மற்றவர் பீட்டா தலசீமியா மரபணுவைத் தந்திருக்கிறார். இருவரும் கடைசி வரை நோயாளியாகவே இருந்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் உங்களிடமிருந்து இரண்டில் ஒன்று கட்டாயம் போகும், எஸ் அல்லது பீட்டா. ஆகவே உங்கள் மகள் குறைந்தபட்சம் நோயைச் சுமப்பவள், சந்தேகமே இல்லை. சுமப்பவர் நோயாளி இல்லை, சாதாரணமாக வாழ்வார். எல்லாம் உங்கள் கணவரைப் பொறுத்தது. அவர் தாய்மாமன் மகன். உங்கள் அம்மாவிடம் இருந்த குறை மாமாவிடமும் இருக்க வாய்ப்பு பாதி, மாமாவிடமிருந்து கணவருக்கு வர அதில் பாதி, அதாவது நான்கில் ஒன்று. சின்ன வாய்ப்பு இல்லை. கணவருக்கு எஸ் இருந்தாலும் சரி, பீட்டா இருந்தாலும் சரி, உங்கள் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று ஆகிவிடும். வழக்கமாகப் பேசப்படும் நான்கில் ஒன்று என்ற கணக்கு, இருவரும் வெறும் சுமப்பவர்களாக இருக்கும் தம்பதிக்கு. உங்களுக்கு அது பொருந்தாது.

ஆகவே இந்த மாதமே கணவருக்கும் மகளுக்கும் எச்பிஎல்சி. கணவர் சாதாரணம் என்று வந்தால் குழந்தைக்கு இந்த நோய் வராது, நிம்மதியாகத் திட்டமிடலாம். சுமப்பவர் என்று வந்தால் கர்ப்பத்தின் 11 வாரத்தை ஒட்டி நஞ்சுக்கொடி மாதிரி எடுத்துப் பார்க்கும் வசதி பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. கருத்தரிக்கும் முன்பே போய்ப் பேசிவிடுங்கள். எப்படியானாலும் உங்களுக்கு அது கவனமாகப் பார்க்க வேண்டிய கர்ப்பம். ஹைட்ராக்ஸியூரியாவை முன்கூட்டியே, டாக்டரைக் கேட்டு நிறுத்த வேண்டும். அதுவரை கருத்தடை தேவை. கண் லேசரையும் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

மகளுக்கு நோயே இருப்பதாகத் தெரிந்தால் பத்து வயதிலிருந்து கண் பரிசோதனை. எஸ் சுமப்பவள்தான் என்றாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். பந்தோ குச்சியோ பட்டுக் கண்ணின் கருவிழிக்குப் பின்னால் ரத்தம் தேங்கினால், இந்தப் பிள்ளைகளுக்கு கண் அழுத்தம் சட்டென்று ஏறி நரம்பைக் கெடுக்கும். அழுத்தம் குறைக்க வழக்கமாகக் கொடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை இவர்களுக்குக் கெடுதல் செய்யலாம். "சிக்கிள் குடும்பம்" என்ற ஒரே வார்த்தையை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்திலும் சொல்லி வையுங்கள்.

சான்று, காப்பீடு

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சிக்கிள் செல் நோயும் தலசீமியாவும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலான சலுகைகளுக்குச் சான்றில் 40 சதவீத ஊனம் வேண்டும். ஒரு கண் முழுதாகப் போய் மற்றது நன்றாக இருந்தால் பார்வைக்கு மட்டும் 30 சதவீதம்தான் போடுவார்கள். அதனால் கண்ணை மட்டும் காட்டித் திரும்பிவிடாதீர்கள், ரத்தநோயையும் சேர்த்து மதிப்பிடக் கேளுங்கள். இடது கண் சிகிச்சை முடியாமல் பார்வை சதவீதம் நிலையாகாது. ரத்தநோய்க்கான விண்ணப்பத்தை இப்போதே தொடங்கலாம், கலெக்டர் ஆபீஸ் வளாகத்து மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்து வையுங்கள். அறுவை சிகிச்சைக்குச் சேரும் முன்பே காப்பீட்டு மேசையில் விசாரித்துவிட வேண்டும், பில் கட்டிய பிறகு அல்ல.

உடனே ஓட வேண்டியவை

வலது கண்ணில் ஒரு நூல், ஒரு கரும்புள்ளி புதிதாக ஓடினாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ அன்றே கிளம்புங்கள். எந்தக் கண்ணிலாவது வலியே இல்லாமல் விளக்கணைத்த மாதிரி பார்வை போனால் அது ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். அப்போது கண்ணாடிக் கடைக்கோ சின்னக் கண் கிளினிக்குக்கோ போய் நேரம் போக்காதீர்கள். ரத்த வங்கி உள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ரத்தத்தை மாற்றி ஏற்ற வேண்டி வரலாம், அதற்கு மணிக்கணக்குதான் அவகாசம். எச்பிஎல்சி ரிப்போர்ட்டைப் போனில் படமெடுத்து வைத்திருங்கள், கணவர் போனிலும்.

தையலை விட வேண்டாம். லேசர் முடிந்த அன்று மட்டும் மிஷினைத் தொடாதீர்கள். கண்மணி விரிந்திருப்பதால் சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். தனியாகப் பஸ் ஏறி அரூர் திரும்பலாம் என்று நினைக்க வேண்டாம், கணவருக்கு அன்று லீவு சொல்லச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டிலும் ஒரு ஸ்வெட்டரும் பையில் இருக்கட்டும், ஏசி அறையில் நேரம் போகும். கணவர், மகள் ரிப்போர்ட் வந்ததும் அந்த எண்களை அப்படியே எழுதி அனுப்புங்கள். இரண்டாவது குழந்தை பற்றி அப்போது விரிவாகச் சொல்கிறேன்.